ஒரு வாளி வெந்நீருக்கு எத்தனை யூனிட்?

பாலக்காட்டின் தமிழ் பேசும் எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரரிடம் போய்க் குளிர்காலத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். கார்த்திகை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும். உதடு வெடிக்கும், தென்னை மட்டை சரசரவென்று விழும், கூரைத் தகரம் தடதடக்கும். ஆனால் அது வறண்ட காற்று. குளிர் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கிணற்றுத் தண்ணீர் 26, 27 டிகிரியில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். வெந்நீர் வேண்டும் என்பவர் பாட்டியோ, பிள்ளை பெற்ற வீட்டுக்காரரோதான்.

அதே கேரளத்தில், அதே தமிழ் பேசும் இன்னொரு எல்லையில் கதை வேறு. மூணாறு, தேவிகுளம், செண்டுவாரை, குண்டளை, வட்டவடை ஆகிய ஊர்கள் ஏறத்தாழ 1,500 மீட்டரும் அதற்கு மேலும் உயரத்தில் இருக்கின்றன. ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் புல்வெளிமேல் வெள்ளை வெள்ளையாக உறைபனி படியும். தேயிலைக் கொழுந்து கருகும். சில விடியல்களில் செண்டுவாரைப் பக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகிறது. அங்கே குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் காலை ஐந்து மணிக்கே அண்டாவின் அடியில் கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகு எரியத் தொடங்கிவிடும். டவுனில் கீசர் சிவப்பு விளக்கு எரியும். ரிசார்ட் மொட்டைமாடிகளிலும், இப்போது சில வீடுகளின் பின்புறத்திலும், ஏசியின் வெளிப்பெட்டி மாதிரியே ஒரு பெட்டி விசிறியைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். இந்த அத்தியாயம் அந்தப் பெட்டியைப் பற்றியது. ஹீட் பம்ப் என்று பெயர். காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் இயந்திரம்.

முதலில் தண்ணீரின் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எந்தக் கம்பெனி எந்த மெஷினைச் செய்தாலும் இதை மாற்ற முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் குளிக்க, பாத்திரம் கழுவ என்று நாளைக்கு 150 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அதாவது 40 டிகிரித் தண்ணீர், செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மூணாறில் டிசம்பர் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்றால் 25 டிகிரி ஏற்ற வேண்டும். அதற்கு 4.4 யூனிட் சூடு தேவை. தொட்டியும் குழாயும் சுற்றியுள்ள குளிருக்குத் தாரை வார்ப்பது இன்னும் ஒரு யூனிட். ஆக 5.4 யூனிட். கொழிஞ்சாம்பாறையில் ஏற்ற வேண்டியது 13 டிகிரிதான். வீணாவதையும் சேர்த்து 3 யூனிட்டில் முடிந்துவிடும்.

5.4 யூனிட் பெரிதா? இடுக்கி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நல்ல வழி இருக்கிறது. 1976-இல் திறக்கப்பட்ட இடுக்கி மின்திட்டத்தில், அணைத் தண்ணீர் ஏறத்தாழ 660 மீட்டர் கீழே இறங்கி மூலமற்றம் மலைக்குள் இருக்கும் டர்பைன்களைச் சுழற்றுகிறது. நாட்டிலேயே பெரிய வீழ்ச்சிகளில் ஒன்று. அப்படி 660 மீட்டர் விழும் ஒரு லிட்டர் தண்ணீர் கொடுக்கும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஆறரை கிலோஜூல். அந்த ஒரு லிட்டரையே சூடாக்கினால் ஒன்றரை டிகிரி ஏறும். அவ்வளவுதான். மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை விழுந்த பலன் ஒன்றரை டிகிரி! டர்பைனிலும் கம்பியிலும் போகும் இழப்பையும் கழித்தால், நம் நான்கு பேர் வீட்டின் ஒரு நாள் வெந்நீருக்கு, கீசரில் சூடாக்கினால், இடுக்கி அணையிலிருந்து 3,300 லிட்டருக்கு மேல் திறந்துவிட வேண்டியிருக்கும். சூடு என்பது எவ்வளவு விலையுயர்ந்த சரக்கு என்பது இதில் தெரியும். மின்சாரத்தை நேராகச் சூடாக மாற்றுவதைப் போல ஊதாரித்தனம் வேறில்லை என்று இயற்பியல் வாத்தியார்கள் கத்துவதும் இதனால்தான்.

கீசர் செய்வது அதுதான். உள்ளே ஒரு கம்பிச்சுருள். ஒரு யூனிட் மின்சாரம் போனால் ஒரு யூனிட் சூடு வரும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு துளியும் வராது. ஐந்து நட்சத்திரம் ஒட்டிய கீசரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அந்த நட்சத்திரங்கள் தொட்டி எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கானவை.

ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை. வெளியே இருக்கும் சூட்டை எடுத்து இடம் மாற்றுகிறது. இங்கேதான் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அஞ்சு டிகிரி குளிர்ல, கை விறைக்கிற காத்துல, சூடு எங்கேருந்துங்க வரும்?" நியாயமான கேள்வி. பதில், சூட்டின் கணக்குப் பூஜ்ஜியம் தண்ணீர் உறையும் இடத்தில் தொடங்குவதில்லை, மைனஸ் 273-இல் தொடங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் 5 டிகிரிக் காற்று 278 படி ஏறி நிற்கிறது. அதில் சூடு ஏராளம். அதை வாங்கிக்கொள்ள அதைவிடக் குளிர்ந்த ஒரு பொருள் வேண்டும், அவ்வளவே. ஹீட் பம்பின் குழாய்க்குள் ஓடும் திரவம் அதற்காகத் தேர்ந்தெடுத்தது. ஆர்-134ஏ என்ற வகை மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். இப்போது புதிய மெஷின்களில் வரும் ஆர்-290, நம் அடுப்பு சிலிண்டரிலும் கலந்திருக்கும் புரோப்பேன்தான், மைனஸ் 42-இல் கொதிக்கும். மூணாறின் விடியற்காற்று அதற்கு அடுப்பு. காற்றுபட்டு அது ஆவியாகும். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தும். அழுத்திய ஆவி சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். அந்தச் சூட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகித் திரும்பும். மின்சாரம் செலவாவது கம்ப்ரசரையும் விசிறியையும் ஓட்ட மட்டும்.

யோசனை புதிதல்ல. 1852-இல் கெல்வின் கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் இப்படி ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் உப்பளத்தில் உப்பு காய்ச்ச ஆவியை அழுத்தும் இயந்திரம் செய்தார். 1938-இல் சூரிச் நகர மன்றக் கட்டடம் பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்றிலிருந்து சூட்டை இழுத்துக் குளிர் காய்ந்தது. இன்று நார்வேயிலும் சுவீடனிலும் இது வீட்டுக்கு வீடு இருக்கும் சாமான். ஆஸ்லோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரிடம் மூணாறின் பூஜ்ஜியம் டிகிரியைப் பற்றிச் சொன்னால் கொழிஞ்சாம்பாறைக்காரரைப் போலவே அவரும் சிரிப்பார். ஆகவே ஹீட் பம்ப் மூணாறில் ஓடுமா என்பது கேள்வியே அல்ல. எத்தனை யூனிட்டுக்கு ஓடும் என்பதுதான் கேள்வி.

இதற்கு மெஷின் பெட்டியில் ஒரு எண் போட்டிருப்பார்கள். சி.ஓ.பி. 4 என்றால், ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் நான்கு யூனிட் சூடு கிடைக்கும் என்று பொருள். படித்தவுடன் 5.4-ஐ நான்கால் வகுத்துவிடக் கூடாது. சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் 20 டிகிரிக் காற்றில் அளந்த எண் அது. அது கொச்சி ஜனவரியைவிடக் குளிர்ந்த காற்று. ஆனால் மூணாறு ஜனவரியைவிடச் சூடான காற்று. சி.ஓ.பி. மெஷினின் நிரந்தர குணம் அல்ல. எங்கிருந்து எடுத்து எங்கே ஏற்றுகிறோம் என்ற இடைவெளியின் குணம். 1824-இல் கார்னோ எழுதிய விதி இதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது: ஏற்ற வேண்டிய வெப்பநிலையை, மைனஸ் 273-இலிருந்து எண்ணி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியால் வகு. கிடைப்பதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஒரு நல்ல வீட்டு மெஷின் எட்டும். 45 விழுக்காடு என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

விடியற்காலை 5 மணி, காற்று 5 டிகிரி. காற்றிலிருந்து சூடு பாய வேண்டுமென்றால் சுருள் அதைவிடக் குளிராக, மைனஸ் 3-இல் இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் 50 டிகிரிக்கு வர, மறுமுனை 55-இல் இருக்க வேண்டும். 328-ஐ 58-ஆல் வகுத்தால் 5.6; அதில் 45 விழுக்காடு 2.5. ஆக நாளைக்கு 2.2 யூனிட், மாதம் 65 யூனிட். கீசரில் தொட்டி இழப்பைக் கொஞ்சம் குறைத்தே வைத்தாலும் 145 யூனிட் ஆகும். பாதிக்கும் கீழே வந்துவிட்டது, சரி. ஆனால் பெட்டியில் போட்ட நான்கு எங்கே, இந்த இரண்டரை எங்கே?

இனி நேரத்தை மாற்றுவோம். மூணாறு ஜனவரியின் விசேஷம் அதன் குளிர் மட்டும் அல்ல. எந்த வானம் தெளிந்திருப்பதால் இரவில் அத்தனை சூடும் மேலே போய்விடுகிறதோ, அதே தெளிந்த வானம் பகலில் சுள்ளென்று வெயில் அடிக்க விடுகிறது. விடியலில் 5 டிகிரி இருந்த இடத்தில் மதியம் 21, 22 இருக்கும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட அங்கே ஒரே நாளின் காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதே மெஷினை மதியம் 12 மணிக்கு ஓட்டினால் சுருள் 11 டிகிரியில் நின்றால் போதும். இடைவெளி 44. சி.ஓ.பி. 3.3-க்கு மேல் போய்விடும். மாதம் 48 யூனிட். மெஷினை மாற்றவில்லை, ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கவில்லை; டைமரைத் திருப்பி வைத்ததோடு சரி.

இதற்குத் தொட்டி துணை. மதியம் 50 டிகிரிக்கு ஏற்றிய 150 லிட்டர் தொட்டி, நல்ல பஃப் நுரைக் காப்பு உள்ளதாக இருந்தால், மறுநாள் காலையில் 45, 46 டிகிரியில் இருக்கும். அதில் குளிர்ந்த தண்ணீரைக் கலந்து 40 ஆக்கிக்கொண்டால் வீட்டின் தேவை முழுவதற்கும் போதும். என் பார்வையில் வீட்டு ஹீட் பம்ப் பற்றிய மிக முக்கியமான உண்மை இதுதான், ஆனால் விற்பவர் யாரும் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை. கீசர் பழக்கம் நம் கையில் ஊறிவிட்டது: எழுந்தவுடன் சுவிட்சைப் போடு, பத்து நிமிடத்தில் குளி. ஹீட் பம்பை அப்படி ஓட்டினால் அது தன் மிக மோசமான நேரத்தில் ஓடும்.

மோசமான நேரத்தின் மோசம் இதோடு நிற்பதில்லை. சுருள் மைனஸ் 3-இல் இருக்கிறது என்றேன். விடியற்காற்றில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் சுருளின் அலுமினியத் தகடுகள்மேல் பனியாகப் படியும். அரை மணி நேரத்தில் தகடுகளுக்கு இடையே காற்று நுழைய வழி அடைந்துவிடும். அப்போது மெஷின் ஓட்டத்தைத் திருப்பிப் போட்டு, தொட்டியில் சேர்த்த சூட்டிலேயே கொஞ்சத்தைக் கடன் வாங்கித் தன் பனியை உருக்கிக்கொள்ளும். அடியில் தண்ணீர் சொட்டும், புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பழுதாகிவிட்டதோ என்று வீட்டுக்காரர் பயப்படுவார். பழுதில்லை. ஆனால் அந்த நேரம் முழுவதும் யூனிட் ஓடும், தண்ணீர் சூடாகாது. இன்னொன்று, 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளி வரும் காற்று குறைவு, ஆகவே சூடும் குறைவு.

இதெல்லாம் சேர்ந்து, மதியம் இரண்டரை மணி நேரத்தில் முடியும் வேலை விடியலில் நான்கு மணி நேரம் இழுக்கும். ஏழு மணிக்குக் குளிக்க வேண்டுமே! இந்த இடத்தில்தான் பலர் வீட்டு மின்கட்டணத்தின் மர்மம் இருக்கிறது. பல மெஷின்களில் தொட்டிக்குள் 1,500 அல்லது 2,000 வாட் ஹீட்டர் ராடு ஒன்று உதவிக்கு இருக்கும். கம்ப்ரசர் திணறினால், அல்லது வெளிக்காற்று குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அது தானாகவே எரியத் தொடங்கும். அதாவது, ஹீட் பம்புக்கு விலை கொடுத்து வாங்கியவர், தமக்குத் தெரியாமலே கீசரில் குளித்துக்கொண்டிருப்பார். மாதக் கடைசியில் "இதெல்லாம் சும்மா விளம்பரம்" என்பார்.

ராடு எரிகிறதா என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். வாசலில் இருக்கும் மின்மீட்டரைப் பாருங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று பொறித்திருக்கும். 3,200 என்பது பரவலாகக் காணும் எண். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட் பம்பை மட்டும் ஓட விடுங்கள். ஏறக்குறைய 700 வாட் இழுக்கும் கம்ப்ரசர் மட்டும் ஓடினால் விளக்கு ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டும். ராடும் சேர்ந்துகொண்டால் விநாடிக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ படபடவென்று அடிக்கும். கண்ணாலேயே வித்தியாசம் தெரியும். கைப்பேசியில் பத்துச் சிமிட்டலுக்கு ஆகும் விநாடியை அளந்து, 3,200 சிமிட்டல் மீட்டரில் 11,250-ஐ அதால் வகுத்தால் வாட் கணக்கே கிடைத்துவிடும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் உற்சாகமாகச் செய்வார்கள்.

தெர்மோஸ்டாட்டிலும் ஒரு கை பார்க்க வேண்டும். "நல்லா கொதிக்கணும்" என்று 65-இல் வைப்பவர்கள் உண்டு. 40 டிகிரிக்கு மேல் யாரும் தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது. 65-க்கு ஏற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து இறக்குகிறோம். கீசரில் இதனால் பெரிய நஷ்டமில்லை. ஹீட் பம்பில் இடைவெளி 58-லிருந்து 73 ஆகிவிடுகிறது, சி.ஓ.பி. 2.1-க்கு விழுகிறது, தொட்டி இழப்பும் கூடுகிறது. அதே குளியலுக்கு விடியலில் மாதம் 80 யூனிட். 50-இல் வைத்து, வாரம் ஒருமுறை மட்டும் 60-க்கு ஏற்றி இறக்குவது போதும். வெதுவெதுப்பான தொட்டியில் வளரக்கூடிய லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கு அந்த வாராந்தரச் சூடு தேவை, அதை விட்டுவிடக் கூடாது. ஜப்பானில் 2001 முதல் விற்கும் ஒரு வகை இதற்கு விலக்கு. கார்பன் டை ஆக்சைடையே உள் திரவமாகக் கொண்ட அந்த மெஷின், உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு சிக்கனமாக 65-க்கும் மேல் ஏற்றிவிடும். மூணாறுக்கென்றே செய்தது போல இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில்தான் எளிதில் பார்க்க முடியாது.

மழைக்காலத்தைச் சொல்லாமல் விட்டால் மலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜூனில் தொடங்கி வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாது. சோலார் ஹீட்டர் அப்போது வெறும் தொட்டி. விறகு நனைந்து புகையும். ஹீட் பம்புக்கு அது நல்ல பருவம். காற்று 17, 18 டிகிரியில், ஈரம் நிறைந்து இருக்கும். அந்த ஈரம் சுருள்மேல் பனியாக உறையாமல் நீராகப் படியும். படியும்போது ஒவ்வொரு கிலோ நீரும் தன்னிடம் இருந்த ஏறக்குறைய 2,450 கிலோஜூலைச் சுருளுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். ஜனவரி விடியலில் தொல்லை கொடுத்த அதே ஈரம் ஜூலையில் இனாம் கொடுக்கிறது.

ரூபாய்க்கு வருவோம். கேரள மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். அதைத் தாண்டினால் படிகள் போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. ஃபிரிட்ஜ், டிவி, மிக்சி, மோட்டார் என்று 110 யூனிட் செலவழிக்கும் வீடு கீசரோடு 255-ஐத் தொடும். அதாவது, குளிர்கால வெந்நீர் அந்த வீட்டின் மின்விசிறிக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடும். மதியம் ஓடும் ஹீட் பம்போடு 160-இல் நிற்கும். போடிமெட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் கணக்கு கொஞ்சம் வேறு. கேரளத்தின் நெருக்கடி நேரம் மாலை 6 முதல் 10 வரை. மதியத்தில் கூரைச் சோலார் மின்சாரம் தாராளமாக வரும். மதியம் ஓட்டுவது வாரியத்துக்கும் செய்யும் உதவி.

அப்படியானால் எல்லோரும் வாங்கலாமா? பாலக்காட்டுச் சமவெளியில், கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும், வேண்டாம் என்பேன். அங்கே சி.ஓ.பி. நான்கைத் தொடும், மெஷின் அருமையாக ஓடும், மாதம் 22 யூனிட்டில் வேலை முடியும். ஆனால் மிச்சப்படுத்த அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கீசரைப் போலப் பல மடங்கு விலையுள்ள மெஷின் அந்தக் காசைத் திருப்பித் தர வருடங்கள் ஆகும். பாலக்காட்டிலேயே நெல்லியாம்பதி மேலே என்றால் மறுபடி யோசிக்கலாம். மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பக்கம் வருடத்தில் பாதி நாள் வெந்நீர் தேவைப்படும் நான்கைந்து பேர் வீட்டுக்கு வாங்கலாம். பத்து அறை ஹோம்ஸ்டேக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அறைக்கும் தொட்டிக்கும் இடையே 20 மீட்டர் முக்கால் அங்குலக் குழாயைக் காப்பு சுற்றாமல் போட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆறு லிட்டர் ஆறிப்போன தண்ணீர் சாக்கடைக்குப் போகும். மெஷினில் மிச்சம் பிடித்ததைக் குழாயில் விடும் வேலை அது.

லயத்தில் ஒரு குடும்பம் தனியாக இதை வாங்காது, வாங்கவும் முடியாது. ஒரு வரிசை வீடுகளுக்குப் பொதுவாக ஒரு பெரிய தொட்டியும் ஒரு ஹீட் பம்பும் வைத்து, மதிய வெயிலில் மட்டும் ஓட்டினால், விறகுச் சுமையும் புகையும் குறையும். இதை முடிவு செய்ய வேண்டியது எஸ்டேட் நிர்வாகங்கள்.

வீட்டில் ஏற்கெனவே மெஷின் இருப்பவர்கள் மார்கழி பிறப்பதற்குள் மூன்று வேலை செய்யுங்கள்: டைமரைப் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை ஓடும்படி வையுங்கள், தெர்மோஸ்டாட்டை 50-க்கு இறக்குங்கள், ராடு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடி அணைத்துவிடுங்கள். வாரம் ஒருநாள் 60-க்கு ஏற்றும்போது மட்டும் அதைப் போட்டால் போதும்.